மெது நேரம், வேக நேரம், நன்றி நேரம்

கொக்கு பார்க்கப் போவதற்கு மனுப் போட வேண்டிய காலம் ஒன்று வரும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளை என் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். கிறுக்குத்தனம் பண்ணுகிறவர்களை இறக்கிவிடும் அதிகாரம் எனக்கு உண்டு.

நானும் என் புருஷன் லைலும் முப்பத்தோரு வருஷமாக, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, சதுப்பு நிலத்துக்குப் போகிறவர்கள். ஊரே தள்ளுபடிக்காக விடிவதற்கு முன்னால் கடை வாசலில் வரிசை கட்டி நின்று, கதவு திறந்ததும் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து டிவி பெட்டியைக் கட்டிப்பிடிக்கிற கறுப்பு வெள்ளி அது. நாங்கள் முந்தின நாள் மிஞ்சிய வான்கோழிக் கறியை ரொட்டிக்குள் வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு, ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு, ஜல்லி ரோட்டின் முனையில் வண்டியை விட்டுவிட்டு மர மேடையில் ஏறி உட்காருவோம். பொழுது சாய்கிற நேரத்தில், பகலெல்லாம் அறுத்த சோளக் கொல்லைகளில் மேய்ந்த சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து தண்ணீரில் இறங்கும். பார்ப்போம். வீட்டுக்கு வருவோம். இதற்கு நாங்கள் ஒரு பெயரும் வைக்கவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. பெயர் இல்லாத எதையும் அரசாங்கம் அனாதைப் பிணம் மாதிரி எடுத்துக்கொண்டு போய்விடும்.

இந்த வருஷம் போயே தீர வேண்டும். லைலுக்கு இருப்பதே ஒற்றைக் கண். இன்னொன்றைச் சின்ன வயசில் சோளத்தட்டை குத்திக் கெடுத்துவிட்டது. மிஞ்சின கண்ணுக்குள் கட்டி இருக்கிறது என்று செப்டம்பரில் சொன்னார்கள். அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை காலை எடுக்கப் போகிறார்கள். கட்டியை இல்லை, கண்ணை.

"நன்றி நாள் வரைக்குமாவது பார்வை இருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். பக்கவாட்டுல திரை விழுந்த மாதிரி முன்னாடியே போனாலும் போயிடலாம்" என்றார்.

லைல் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கிற ஆள் கிடையாது. நாற்பது வருஷம் தானியக் கிடங்கில் தூசியைத் தின்றுகொண்டு வேலை பார்த்தவன். அன்றைக்கு வண்டியில் திரும்பி வரும்போது ஒன்றுதான் சொன்னான். "கொக்கு வந்து எறங்குறத ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும் புள்ள. அப்பறம் அவங்க எதை வேணா எடுத்துக்கட்டும்."

எங்கள் சதுப்பு நிலத்தின் குறுக்கே மாவட்ட எல்லை போகிறது. நேர மண்டலம் மாறுவதும் அந்தக் கோட்டில்தான். மேற்கே ஆல்டன் மாவட்டத்தில் மணி மூன்று என்றால், கிழக்கே ப்ரூவெட் மாவட்டத்தில் நாலு. எங்கள் பக்கம் மெது நேரம், அவர்கள் பக்கம் வேக நேரம். கல்யாணப் பத்திரிகையிலும் சாவு அறிவிப்பிலும்கூட மெதுவா வேகமா என்று போட்டுவிடுவோம். போடாமல் விட்டதால் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, தேவாலயத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்து, எழுந்து போய்விட்ட மாப்பிள்ளை ஒருத்தன் இன்றைக்கும் ஊரில் சௌக்கியமாக இருக்கிறான்.

இந்த வசந்த காலத்தில்தான் இரண்டு மாவட்டமும் கூடிப் பேசி "இருமாவட்டக் கூட்டு இயற்கை மற்றும் நன்றியுணர்வு வாரியம்" என்று ஒன்றைப் பெற்றெடுத்தன. கறுப்பு வெள்ளியன்று ஜனங்கள் கடை கடையாக அலையாமல், இயற்கையை அனுபவித்து நன்றியோடு இருக்க வேண்டுமாம். நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது? செய்தியைப் படித்துவிட்டு நானும் லைலும் கைகூடத் தட்டினோம். "வாங்காதே, வணங்கு" என்று ரோட்டுக்கு ரோடு பலகை நட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் ஜல்லி ரோட்டில் கேட் போட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் மேடையில் ஏறுவதற்கு நேரம் ஒதுக்கிச் சீட்டு கொடுக்க ஆரம்பித்தார்கள். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

எங்களுக்கு வந்த அட்டையில் "மாலை 4 முதல் 4.40 வரை" என்று இருந்தது. போன் போட்டேன்.

"மெதுவா வேகமான்னு போடலயேம்மா?"

"ரெண்டு மாவட்டத்துல யாரு மனசும் கோணக் கூடாதுன்னு போடலீங்க" என்றது ஒரு பெண் குரல்.

எதற்கும் இருக்கட்டும் என்று வேக நேரத்துக்கே கணக்குப் பண்ணி, அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றோம். எங்கள் மணிக்கு அப்போது இரண்டு. சூரியன் மறைய இன்னும் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு முன்ஜாக்கிரதை உள்ளவர்களை யாரால் என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு ஒரு திமிர்.

கேட்டில் ஆரஞ்சுச் சட்டையோடு மார்சி நின்றிருந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறவள். ஆறு வருஷம் என் பஸ்ஸில் வந்த பெண்.

"வாங்க வெர்னாக்கா, வாங்கண்ணா. இந்தப் படிவத்தப் பூர்த்தி பண்ணிட்டீங்கன்னா மணிக்கட்டுல பட்டை கட்டிடலாம்."

"என்ன படிவம்டி?"

"நன்றி அறிவிப்புப் படிவம். ஆளுக்கு மூணு நன்றி எழுதணும். ஒவ்வொண்ணும் இருபது வார்த்தைக்குக் குறையக் கூடாது."

லைல் படிவத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், நிதானமாக, குடும்பம் என்று ஆரம்பித்து எழுதினான். மார்சி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயய்யோ. குடும்பம் காலைல பத்து மணிக்கே தீந்துபோச்சேண்ணா."

"தீந்துபோச்சுன்னா?"

"ஒரு நன்றிக்கு நூறு பேருதான். எல்லாம் ஒரே மாதிரி வந்தா ஆண்டறிக்கை நல்லா இருக்காதுன்னு இயக்குநர் சொல்லிட்டாரு. குடும்பம், உடம்பு சுகம், காபி, நாய், எல்லாம் நெறஞ்சிருச்சு. பூனைல பதினோரு எடம் இருக்கு."

"எனக்குப் பூனைன்னாலே ஆகாதே தாயி."

"எல்லாருக்கும் அப்படித்தாண்ணா. அதான் எடம் இருக்கு."

லைல் கொஞ்சம் யோசித்தான். "கண்ணுன்னு போட்டுக்கோ. கண்ணு இருக்குறதுக்கு நன்றி."

மார்சியின் முகம் மலர்ந்தது. "கண்ணு காலியா இருக்கு! ஆனா உடல் உறுப்புக்கு ஒரு உறுதிமொழி கேக்குமே. நன்றி ஒரு வருஷத்துக்குச் செல்லுபடியாகணும். 'மேற்படி உறுப்பு அடுத்த நவம்பர் வரை என் வசம் இருக்கும்'னு கையெழுத்துப் போடணும்."

"திங்கக்கிழம வரைக்கும்தான் போட முடியும்" என்றான் லைல்.

அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள். கடைசியில் பட்டியலில் மிச்சமிருந்ததில் உப்பு, ஆணி, வடகிழக்குக் காற்று என்று அவனும், தபால்காரர், கொக்கி, வெந்நீர் என்று நானும் எழுதிக் கொடுத்தோம். ஆணிக்கு இருபது வார்த்தை எழுதிப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது கைப்பைச் சோதனை. கத்தி, துப்பாக்கியெல்லாம் அவர்கள் தேடவில்லை. கடை ரசீதைத் தேடினார்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எதையாவது வாங்கியிருந்தால் அவர் வாங்குபவர். வாங்குபவர் வணங்க முடியாது. என் பையில் காலையில் மருந்துக் கடையில் வாங்கின சீட்டு இருந்தது.

"கண்ணுக்கு விடுற சொட்டு மருந்துடி மார்சி. இவருக்கு."

அவள் நெளிந்தாள். "தெரியுதுக்கா. ஆனா மருந்தும் வாங்குனதுதானே? இயக்குநர்கிட்ட நானே கேட்டேன். 'மருந்து தவிர'ன்னு போடலாம்னுதான் இருந்தாங்களாம். பலகைல எடம் பத்தலயாம்."

"அதுக்கு?"

"மனந்திருந்தல் கூடாரத்துக்குப் போயிட்டு வந்துருங்க. அரை மணி நேரம்தான். நீங்க மட்டும் போனா போதும்னு நெனச்சேன், ஆனா மருந்து யாருக்குன்னு சொல்லிட்டீங்களே. பயனாளியும் வரணுமாம்."

கூடாரத்தில் மடக்கு நாற்காலிகளில் முப்பது பாவிகள் உட்கார்ந்திருந்தோம். என் இடப்பக்கத்தில் குழந்தைக்குப் பால்பவுடர் வாங்கிய ஒருவர். முன் வரிசையில் ஒரு பெண். நேற்று இறந்துபோன அம்மாவுக்குச் சவப்பெட்டி வாங்கியிருக்கிறாள். உடன்பிறந்தவர்களோடு கொஞ்சம் காற்றாட நிற்கலாம் என்று வந்தவளாம். பெட்டி பெரிதாக இருந்ததால் அவளை அதிகமாக வாங்கியவர்கள் பட்டியலில் சேர்த்து முன் வரிசையில் போட்டிருந்தார்கள்.

வகுப்பெடுத்தவர் டுவேன். இருபது வருஷம் ஃபிரிட்ஜ் விற்றுவிட்டு வாரியத்தில் சேர்ந்தவர். சாத்தான் வேதம் ஓதினாலும் இவ்வளவு உருக்கமாக ஓதாது.

"நானும் உங்கள மாதிரி இருந்தவன்தான்" என்று நெஞ்சில் கை வைத்தார். "கறுப்பு வெள்ளி வந்தா போதும், காலைல மூணு மணிக்கு எந்திரிச்சு ஓடுவேன். தள்ளுவேன். ஒரு தடவ ஒரு கன்னியாஸ்திரியக்கூடத் தள்ளியிருக்கேன். இன்னைக்குப் பாருங்க, நான் எதுவுமே வாங்கல. புது டிவிய புதன்கிழமையே வாங்கிட்டேன். சோபா வியாழக்கிழமை மத்தியானம் வந்து எறங்கிருச்சு. வெள்ளிக்கிழமை மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா! இந்த நிம்மதி உங்களுக்கும் கெடைக்கணும். அடுத்த வருஷம் உங்க அம்மாவுக்கு..." என்று முன் வரிசைப் பெண்ணைப் பார்த்துத் தொடங்கியவர், எதையோ உணர்ந்து தண்ணீர் குடித்தார்.

லைல் என் காதில் கேட்டான். "வெர்னா, அவர் பின்னாடி இருக்குற பலகைல வலது பக்கம் ஏதாச்சும் எழுதியிருக்கா?"

"வாங்காதே, வணங்குன்னு இருக்கு. ஏன்யா?"

"இல்ல, எனக்கு 'வாங்காதே' மட்டும்தான் தெரியுது."

அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, அந்தப் பாவப்பட்ட சொட்டு மருந்தை இரண்டு சொட்டு விட்டேன். "இப்போ?" என்றேன். "ம்ம், பரவாயில்ல" என்றான். அவன் பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்குத் தெரியாதா? வெளியே போகலாம் என்று எழுந்தேன். எழுந்தால் வகுப்பு முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்றார் டுவேன். உட்கார்ந்தேன்.

வகுப்பு முடிந்து வெளியே வரும் வழியில் ஒரு மேஜை. மேஜைமேல் "வாங்காதே, வணங்கு" என்று அச்சடித்த பனியன்கள். மனம் திருந்தியதற்கு அடையாளம் அதுதானாம். அதைப் போட்டால்தான் மணிக்கட்டுப் பட்டை.

"இத வாங்கணுமா?" என்றேன்.

மேஜைக்காரர் பதறிப்போனார். "வாங்குறதா! என்னம்மா பேசுறீங்க? நீங்க நன்கொடை குடுக்குறீங்க. நாங்க பனியன் குடுக்குறோம். ரெண்டுக்கும் சம்பந்தமே கெடையாது."

"அப்ப நன்கொடை குடுக்கலன்னா?"

"பனியன் கெடையாது."

மானம் ரோஷம் என்று ஒன்று எனக்கு இருக்கிறதே, அன்றைக்கு அது இல்லாமல் இருந்திருக்கலாம். காலையில் கண் மருந்து வாங்கினது பாவம், இப்போது பனியன் வாங்குவது புண்ணியமா என்று அந்த மனுஷனிடம் வாக்குவாதம் பண்ணினேன். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. லைல் என் கையைப் பிடித்து இழுத்தான். இழுத்தான் என்று சொன்னேன், உண்மையில் பிடித்துக்கொண்டான். பட்டை இல்லாமலே அடுத்த பந்தலுக்குப் போனோம்.

பந்தலில் வாரியத்தின் இயக்குநர் கார்ல்டன் ஸ்வைட்சர் மேடையேறிவிட்டார். அவர் வரவேற்காமல் யாரும் இயற்கைக்குள் போகக் கூடாது என்பது விதி. முதல் பதினைந்து நிமிஷம் அவர் நன்றி சொன்னார். கொக்குக்கு இல்லை. நிகழ்ச்சிக்கு உதவிய டயர் கடைக்கு, மெத்தைக் கடைக்கு, செல்போன் கடைக்கு. பிறகு தொண்டையைச் செருமினார்.

"அன்பர்களே, முன்னெல்லாம் இந்த எடம் சும்மா கெடந்துச்சு. யாரோ ரெண்டு மூணு பேர் வருவாங்க. பாப்பாங்க. போயிடுவாங்க. ஒரு பதிவு இல்ல, ஒரு கையெழுத்து இல்ல. அவங்க எவ்வளவு நன்றியோட இருந்தாங்கன்னு இன்னைக்கு யாராலயாவது சொல்ல முடியுமா? முப்பது வருஷத்து நன்றி அத்தனையும் வீணாப் போயிருச்சு. இனிமே ஒரு துளி வீணாகாது. காலையிலேருந்து இதுவரைக்கும் நாலாயிரத்து இருநூறு நன்றி சேகரிச்சிருக்கோம். கொக்கு எத்தனைன்னு கேப்பீங்க. அத நாங்க எண்ணல. அது வேற துறை."

கைதட்டல்.

"இன்னொரு சந்தோஷமான செய்தி. நேரப் பிரச்சினை. ஆல்டன்காரங்க மெது நேரம்தான் வேணும்னாங்க. ப்ரூவெட்காரங்க வேக நேரத்த விட்டுத் தர மாட்டேன்னாங்க. ஒன்பது கூட்டம் போட்டோம். ஒரு கூட்டத்துக்கு பாதிப் பேர் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாங்க. கடைசில ரெண்டுக்கும் நட்டநடுவுல, அரை மணி தள்ளி, புதுசா ஒரு நேரம் வச்சிருக்கோம். அதுதான் நன்றி நேரம். உங்க அட்டைல இருக்குறது அதுதான். ரெண்டு மாவட்டத்துக்கும் சரிசமமாத் தப்பான நேரம்! இதவிட நியாயம் ஒலகத்துல உண்டா?"

இன்னும் பெரிய கைதட்டல். நன்றி நேரம் நாலு என்றால் எங்கள் மணிக்கு மூன்றரை. எங்கள் சீட்டின் நேரம் எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டது.

லைல் எழுந்து நின்று குரல் கொடுத்தான். "கொக்குக்குச் சொல்லியாச்சா?"

இயக்குநர் கோபித்துக்கொள்ளவில்லை. மகிழ்ந்துபோனார். "அருமையான கேள்வி! மொதல் கட்டத்துல மனுஷங்கள மட்டும்தான் நேரத்துக்குள்ள கொண்டுவந்திருக்கோம். பறவைகள் ரெண்டாம் கட்டம்."

லைல் உட்காரும்போது நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தான். நான் சூரியனைப் பார்த்தேன். மரங்களுக்கு மேலே இரண்டு முழ உயரம் இருந்தது.

பேச்சு முடிந்து வாரியத்தின் பஸ் நிற்கிற இடத்துக்கு லைலை இழுத்துக்கொண்டு ஓடினேன். கொக்கு பார்க்கிற மேடைக்கு இப்போது யாரும் தங்கள் காரில் போகக் கூடாது, அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும். இது கடைசி பஸ். உள்ளே பட்டை கட்டி, பனியன் போட்ட இருபத்தாறு பேர் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் இல்லை. ஓட்டுநர் ப்ரூவெட் ஆள். எங்கள் மணி நாலு ஆனதும் அவர் கடிகாரத்தில் ஐந்து ஆகிவிட்டது. வேலை நேரம் முடிந்தது என்று சாவியை இருக்கையில் வைத்துவிட்டு, தன் காரில் ஏறிப் போய்விட்டார். அவர் மேல் தப்பே கிடையாது. வேக நேரத்தில் சம்பளம் வாங்குகிறவர்.

மார்சி வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் இயக்குநர், மாற்று ஓட்டுநர் பற்றி முடிவெடுக்க மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டிருப்பதாகவும், அது நன்றி நேரம் ஐந்தரைக்குக் கூடும் என்றும் தெரிவித்தார்.

"அப்ப பொழுது போயிருமே சார்!"

"அதப் பத்தியும் குழு பரிசீலிக்கும்."

மார்சி வாக்கிடாக்கியைக் கீழே இறக்கினாள். என்னைப் பார்த்தாள். லைலைப் பார்த்தாள். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வானத்தின் பக்கம் காதைச் சாய்த்து நின்றிருந்தான். அவளுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"வெர்னாக்கா, அண்ணனோட கண்ணு... திங்கக்கிழமன்னு சொன்னாரே..."

"ஆமாண்டி."

"சாவி உள்ளதான் இருக்கு. நீங்க ஓட்டுவீங்கல்ல?"

பனியன் மேஜைக்காரர் அதற்குள் ஓடி வந்துவிட்டார். "இவங்களுக்குப் பட்டை இல்ல! இவங்க திருந்தல!"

மார்சி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்தையும் புரட்டாத பெண். "இங்க பாருங்க. பதினாலாவது விதி. 'வாரியத்தின் ஊழியர்களுக்கு நன்றியுணர்வு கட்டாயமில்லை.' ஓட்டுநர் ஊழியர். அவங்க போகலாம்."

"அந்த ஆளு?"

"நான் பஸ்ஸுல உதவியாள்" என்றான் லைல். "எனக்கும் நன்றி எதுவும் கெடையாது."

மேஜைக்காரர் பஸ் வாசலை விட்டு விலகி நின்றார். விதி விதிதானே.

பஸ்ஸின் முதல் படியை லைலின் கால் தேடியது. காற்றில் ஒரு தடவை மிதித்தது. நான் கீழே குனிந்து அவன் பூட்ஸைப் பிடித்துப் படியில் வைத்தேன். அந்த மஞ்சள் பஸ்ஸை அன்றைக்கு ஓட்டினது போல நான் என்றைக்கும் ஓட்டினதில்லை. பின்னால் ஒருவர் மெதுவாகப் போகச் சொன்னார். பேசாமல் உட்காருங்கள், இல்லாவிட்டால் இறக்கிவிட்டுவிடுவேன் என்றேன். பேசாமல் உட்கார்ந்தார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டியதும் எல்லோருடைய செல்போனும் ஒரே சமயத்தில் ஒரு மணி நேரம் முன்னால் குதித்தது.

மேடையை அடையாளம் தெரியவில்லை. தரையில் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள்: படம் எடுக்கும் இடம், மௌனமாக இருக்கும் இடம், வியக்கும் இடம். வியக்கும் இடத்தில் கூட்டம். மௌனத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் லைலை அங்கே கூட்டிப்போய் மேற்குப் பார்த்த கைப்பிடிக் கம்பியின் மேல் அவன் இரண்டு கைகளையும் எடுத்து வைத்தேன்.

வந்தன. முதலில் ஒரு வரிசை. பிறகு அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு வானத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசைதான். கழுத்தை நீட்டி, நீளக் கால்களைத் தொங்கவிட்டு, இறக்கையைக் குடையாக விரித்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. அவ்வளவு தெளிவாக நான் ஒரு வருஷமும் பார்த்ததில்லை. நெற்றியின் சிவப்புக்கூடத் தெரிந்தது. தொண்டைக்குள் கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி அவை போடுகிற சத்தத்தில் மேடை அதிர்ந்தது.

லைலின் முகம் சரியான திசையில்தான் இருந்தது. சத்தம் வந்த திசையில்.

"வெர்னா."

"என்னய்யா?"

"இருட்டிருச்சா?" என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான். "இல்ல, எனக்கு மட்டுந்தானா?"

இந்த மனுஷனிடம் நான் பொய் சொன்னதில்லை. அவன் சமைத்ததைக்கூட நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்.

"இருட்டிருச்சு. எல்லாருக்குந்தான்."

"நீயும் பாக்கலயா?"

"எங்க பாக்குறது? அவனுங்க நம்மள விட்ட நேரத்துக்கு! சத்தம்தான் கேக்குது."

அவன் பெருமூச்சு விட்டான். அப்போது பார்த்து மேடைக்கு மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கி இயக்குநரின் குரலில் வாயைத் திறந்தது.

"அன்பர்களே! என்ன அற்புதமான வெளிச்சம்! சூரியன் மறைய இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு. படம் எடுக்குறவங்க எடது பக்கம் வாங்க. டயர் கடை அன்பளிப்பா குடுத்த பெரிய படச்சட்டம் அங்க இருக்கு, அதுக்குள்ள நின்னு எடுத்துக்குங்க!"

லைலின் கைகள் கம்பியை இறுக்கின. அவன் தலை என் பக்கம் திரும்பிற்று. அந்த இயக்குநரை அந்த நிமிஷத்தில் என் கையில் கொடுத்திருந்தால் சதுப்பில் அமுக்கியிருப்பேன்.

"பன்னண்டு நிமிஷம் இருக்குங்குறானே?"

"அவன் கெடக்கான். அது நன்றி நேரம்யா. சூரியன் போயி எவ்வளவு நேரமாச்சு! அவன் கடிகாரத்துல எதுய்யா சரியா இருந்துச்சு, இது சரியா இருக்க?"

அவன் முகம் மறுபடி தண்ணீர்ப் பக்கம் திரும்பிற்று. அப்புறம் அவன் தோள் குலுங்கிற்று. அழுகிறானோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அதுவும் சரிதான்" என்றான். "இருட்டுல நின்னுகிட்டு வெளிச்சம்னு அறிவிக்கிறான் பாரு. கூறுகெட்ட பய."

"கூறுகெட்ட பயதான்."

"அப்ப இந்த வருஷம் யாருமே பாக்கல."

"யாருமே பாக்கல."

"அப்ப சரி" என்றான் லைல். "எல்லாருக்கும் அப்படின்னா, சரி."

எங்களைச் சுற்றி இருபத்தாறு பேர் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அங்கே பார் இங்கே பார் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டார்கள். லைல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். மேகத்துக்கு அடியிலிருந்து சூரியன் வெளியே வந்து, மேடை முழுக்கச் சிவந்து, எல்லோரும் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டார்கள். நானும் மறைத்துக்கொண்டேன்.

வெயில் நேராக லைலின் கண்ணில் அடித்தது. அவன் கண்ணைச் சுருக்கவில்லை.